உண்டியலும் ஓட்டுப் பெட்டியும்

புதுச்சேரியிலிருந்து மேற்கே போய், வில்லியனூரையும் தாண்டினால், சங்கராபரணி ஆற்றங்கரையில் செல்லிப்பட்டு என்கிற கிராமம் இருக்கிறது. அந்த ஊருக்கும் எதிர்க்கரையிலுள்ள பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர்கள் 1906-ஆம் வருஷத்தில் ஒரு படுகை அணை கட்டினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது நின்றது. 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தில் உடைந்து போயிற்று. உடைந்த அணையைப் பார்க்க நான் ஒரு நாள் போயிருந்தேன். அணையைப் பற்றி விசாரிக்கப் போய், தேர்தலைப் பற்றி ஒரு பாடம் கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

பாடம் சொன்னவர் அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர். எண்பது வயதைத் தாண்டியவர். கரையோரத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர், பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னார்:

"எங்க நைனா ஒரு தடவகூட ஓட்டுப் போட்டதில்லைங்க. ஆனா ஒவ்வொரு எலெக்‌ஷன்லயும் அவரு ஓட்டு விழுந்துடும்."

"அதெப்படிப் பெரியவரே?" என்றேன்.

"அவங்க ஆளுங்களே போட்டுடுவாங்க. நைனா பாட்டுக்கு ஏர் ஓட்டிக்கினு இருப்பாரு."

"கோபம் வரவில்லையா அவருக்கு?"

"எதுக்குங்க கோவம்? மடை தொறக்கணும்னா அவங்க வூட்டுக்குத்தான் போவணும். அம்மன் கோயில் திருவிழான்னா மொதப் பணம் அவங்க வூட்டுப் பணந்தான். சாமி காரியத்துல ஒரு கொறை வெச்சதில்ல."

இதைக் கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அந்தத் தகப்பனார் தெய்வ பக்தியுள்ளவர். பொய் சொல்ல அஞ்சுகிறவர். பிறர் வயலில் ஒரு கதிரைக் கிள்ளாதவர். அப்படிப்பட்டவர், தம் பெயரால் நடந்த ஒரு திருட்டை வருஷக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். திருடியவர்களிடம் விசுவாசமாகவும் இருந்தார். கட்சித் தலைவர்களின் குட்டு வெளிப்பட்ட பிறகும் பக்திமான்களான ஜனங்கள் அந்தக் கட்சியை ஏன் விடுவதில்லை என்று படித்தவர்கள் அடிக்கடி கேட்கிறோம். புதுவையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். செல்லிப்பட்டுக் குடியானவனுக்குப் பட்டணத்துச் சீமான்களைவிட வெகு காலம் முன்பே ஓட்டுரிமை வந்துவிட்டது. பிரான்ஸில் 1848-ல் நடந்த புரட்சியை ஒட்டி, பிரெஞ்சு இந்தியாவின் ஆண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. நடுவில் அது நின்று போய், 1871-லிருந்து புதுவையின் பிரதிநிதி ஒருவர் பாரிஸ் சட்டசபையில் மறுபடியும் உட்காரலானார். 1880-ல் நகரசபைகள் ஏற்பட்டன. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கு 1951-52 தேர்தலில்தான் வந்தது. இங்கே ஒரு வயல் பிரெஞ்சு எல்லை, அடுத்த வயல் இங்கிலீஷ் எல்லை என்று நிலம் கலந்து கிடந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றவன் பாரிஸுக்கே ஆள் அனுப்பும் வாக்காளன். அந்தப் பக்கம் நின்றவன் வெறும் பிரஜை.

ஆனால் இந்தப் பெரிய உரிமை வந்து சேர்ந்த ஊரில், அதற்கு முன்பே ஒரு பெரிய பயமும் குடியேறியிருந்தது.

1748-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், கவர்னர் துய்ப்ளேயின் உத்தரவின்பேரில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் அதை மன வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். சர்க்கார் நினைத்தால் நம் சாமி இருக்கும் இடத்தையே தரைமட்டமாக்கிவிட முடியும் என்பதைப் புதுவை ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். பின்னால் வந்த பிரெஞ்சு ஆட்சியாளர்கள் சாமர்த்தியசாலிகள். வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் தேரோட்டத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்தார். அந்த வழக்கத்தை இன்று துணைநிலை ஆளுநர்கள் தொடர்கிறார்கள். 1819 ஜனவரியில் பிறந்த ஒரு சட்டம், இந்தியர்கள் எந்த மதத்தவரானாலும் அவரவர் ஜாதியின் வழக்கப்படியே நியாயம் பெறுவார்கள் என்று வாக்குக் கொடுத்தது. ஜனங்கள் அந்த வாக்கைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டார்கள். மாமூல் என்ற சொல்லுக்குப் புதுவையில் அன்று அவ்வளவு கனம்!

இந்த நிலையில்தான் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் 1873-ல் மேனாட்டுச் செருப்பு அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. வழக்கைப் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் வெற்றி பெற்றார். பிரெஞ்சுச் சட்டத்துக்கு முன் எல்லோரும் சமம் என்றால், ஜாதி வழக்கங்களை விட்டுவிட்டு அந்தச் சட்டத்துக்கே நாம் ஏன் போகக்கூடாது என்பது அவருடைய வாதம். 1881 செப்டம்பரில் அதற்கான ஆணை வந்தது. விருப்பமுள்ள இந்தியர் தம் ஜாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம். பொன்னுத்தம்பியும் லபோர்த்து என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்படித் துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஜாதியினால் மிதிபட்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்கு அது விடுதலைப் பத்திரம். மாமூலை நம்பியிருந்தவர்களுக்கோ 1748-ன் ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்கு விரும்பினால் துறக்கலாம் என்கிறான். நாளைக்கு எல்லோரும் துறந்தாக வேண்டும் என்று சொன்னால் என்ன செய்வது?

இந்தப் பயத்தின் மேல் கால் ஊன்றி எழுந்தவர்தான் நாடு சண்முக வேலாயுத முதலியார். அவருடைய கட்சிக்கு ஹிந்துக் கட்சி என்றே பெயர். ஜாதிக்கும் கோயிலுக்கும் மாமூலுக்கும் நானே காவல் என்றார் அவர். 1884-ல் பிரெஞ்சு சர்க்கார் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தது. ஐரோப்பியர் ஒரு பட்டியல், துறந்தவர் ஒரு பட்டியல், துறக்காதவர் ஒரு பட்டியல். ஒவ்வொன்றும் தனித்தனியே தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும். பல்லாயிரம் பேர் கொண்ட மூன்றாவது பட்டியல் முதலியாரின் சட்டைப் பைக்குள் போயிற்று. மற்றப் பட்டியல்களிலும் அவருக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். பாரிஸுக்குப் போகும் பிரதிநிதியை அவர் தேர்ந்தெடுத்தார் என்றே சொல்லிவிடலாம். தம்மைத் தேர்ந்தெடுத்த ஜனங்களை ஒருமுறைகூட வந்து பார்க்காத பிரதிநிதிகளும் உண்டு. பார்க்க வேண்டிய அவசியம்தான் என்ன? முதலியாரைத் திருப்தி செய்தால் போதுமே!

தேர்தல் நடந்த விதம் ஊரறிந்த ரகசியம். ஓட்டுச் சாவடியில் தலைமை வகிப்பவர் அநேகமாகக் கட்சியின் மேயர். செத்தவர்கள் எழுந்து வந்து ஓட்டளிப்பார்கள். உயிரோடிருப்பவன் வந்தால், உன் ஓட்டு விழுந்தாகிவிட்டதே என்று சொல்லி அனுப்புவார்கள். மறுத்துப் பேசினால் தடி பேசும். பட்டியலில் எத்தனை பெயரோ ஏறக்குறைய அத்தனை ஓட்டும் ஒரே பக்கம் விழுந்திருப்பதாகக் கணக்கு எழுதப்படும். தோற்றவர்கள் பாரிஸ் வரை முறையிட்டார்கள். பத்திரிகைகள் எழுதின. இன்றைய பாஷையில் சொன்னால், ஊழல் அம்பலமாயிற்று. ஆனால் கட்சியின் செல்வாக்கு ஒரு படிகூடக் குறையவில்லை. சுமார் இருபத்தைந்து வருஷம் முதலியார் முடிசூடாத ராஜாவாகவே விளங்கினார்.

ஜனங்களுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அம்பலமானதும் ஆத்திரம் வந்திருக்கும். அவர்களுக்குத்தான் முதலிலிருந்தே தெரியுமே! போதாததற்கு, ஊழலை வெளியிட்டவர்கள் யார்? துறந்தவர்களும், வெள்ளைக்காரக் குடியரசுவாதிகளும். மாமூலை ஒழிக்க வந்தவர்கள் என்று ஜனங்கள் யாரைக் கண்டு பயந்தார்களோ, அவர்களேதான். திருடன் திருடன் என்று அவர்கள் கூவக் கூவ, நம் காவல்காரனை விரட்டப் பார்க்கிறார்கள் என்று பக்தர்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள். அதனால் கெட்டது யார் என்பதையும் சொல்ல வேண்டும். செருப்பணியும் உரிமைக்காகப் பாரிஸ் வரை போகப் பொன்னுத்தம்பியால் முடிந்தது. செருப்பே இல்லாத சேரி ஜனங்களின் ஓட்டு யார் கையில் இருந்தது என்று கேட்க நாதியில்லை. மாமூலைக் காத்த அதே கைதான் அவர்களை மாமூலான இடத்திலேயே உட்கார்த்தி வைத்தது.

முதலியார் 1908-ல் காலமானார். அதே வருஷம் ஹென்றி கெப்ளே என்ற ஐரோப்பியர் புதுவைக்கு மேயரானார். முதலாளி மாறினார், முறை மாறவில்லை. அதே 1908-ல்தான் பாரதியாரும் புதுவைக்கு வந்து சேர்ந்தார். 1914 தேர்தலில் போல் ரிஷார் என்பவர் பாரிஸ் பிரதிநிதி ஸ்தானத்துக்கு நின்றபோது அரவிந்தரின் ஆதரவு அவருக்கு இருந்தது. மகான்களின் ஆதரவு இருந்தும் அவர் படுதோல்வி அடைந்தார். புதுவை ஓட்டுப் பெட்டிக்கு மகான் என்றும் பாமரன் என்றும் பேதம் கிடையாது.

இனி, பெரியவரின் தகப்பனார் ஏர் ஓட்டிய காலத்துக்கு வருவோம். 1945-ல் பட்டியல்கள் ஒன்றாயின. 1947-ல் எதுவார் குபேர் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சியை ஆரம்பித்தார். அவர் கத்தோலிக்கர். அவருக்கு ஓட்டளித்த கிராமத்தார் பெரும்பாலும் ஹிந்துக்கள். 1948 அக்டோபர் நகரசபைத் தேர்தலில் அந்தக் கட்சி பெருவெற்றி பெற்றது. 1951-ல் குபேர் பாரிஸ் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த வருஷம் வந்து பார்த்த வெளிநாட்டு நடுநிலையாளர்கள், இங்கே சுதந்திரமான வாக்கெடுப்பு நடத்தும் நிலை இல்லை, வாக்காளர் பட்டியலையே நம்ப முடியவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். 1954-ன் தொடக்கத்தில், பிரெஞ்சு நிர்வாகமே குபேர்மீதும் அவருடைய சகாக்கள்மீதும் விசாரணையை ஆரம்பித்தது. அவரை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் தள்ளிய காரணங்களில் அது முக்கியமானது என்று சரித்திராசிரியர்கள் எழுதுகிறார்கள். மார்ச் மாதம் அவர் இந்தியாவோடு இணைப்பை ஆதரித்து நெட்டப்பாக்கத்தில் கொடியேற்றினார். அதே வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஓட்டளித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர்.

இணைப்பு நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக அடிபட்டவர்களும் சிறை சென்றவர்களும் இருக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. பிரான்ஸே கதி என்ற கட்சியின் பெயரால் வென்றவர்களில் பலர் சில மாதங்களில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தார்கள். கிராமத்தில் யாரும், நேற்று ஒன்று சொன்னாயே என்று தலைவனின் சட்டையைப் பிடிக்கவில்லை. விசாரணை வந்தது என்பதற்காக அவரைக் கைவிடவும் இல்லை. 1963 ஜூலையில் குபேர் புதுவையின் முதல் மந்திரியானார். ஜனங்களின் விசுவாசம் கொள்கையைச் சார்ந்து நின்றதில்லை. நிழலைச் சார்ந்து நின்றது. மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிழல் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

இப்படிச் சொல்வதால், இது ஏதோ நம் நாட்டுப் பாமரர்களின் தனிக் குணம் என்று யாரும் எண்ண வேண்டாம். படிப்பும் பணமும் மிகுந்த இத்தாலியைப் பாருங்கள். அங்கே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1948-லிருந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆட்சியில் முதல் இடத்தில் இருந்தது. கம்யூனிஸ்டுகளை ஆதரிக்கும் கத்தோலிக்கர்கள் சபைக்குப் புறம்பானவர்கள் என்று 1949-ல் ரோமாபுரித் திருச்சபை ஆணையிட்டது. அந்தக் கட்சிக்காரர்கள் லஞ்சம் வாங்குவது ஊரெல்லாம் தெரியும். ஆனாலும் பூசைக்குப் போகிறவர்கள் பெருவாரியாக அதற்கே ஓட்டளித்தார்கள். இவர்களை விட்டால் கோயில் கதவைச் சாத்துகிறவன் வந்துவிடுவானே! 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. அந்தப் பயமும் விழுந்தது. மூன்று வருஷம் கழித்து, 1992 பிப்ரவரியில், மிலான் நகரத்தில் லஞ்சம் வாங்கிய ஒருவர் கைதானார். அவர் வேறு கட்சிக்காரர். அவரைத் தொட்டுத் தொடங்கிய விசாரணை எல்லாக் கட்சிகளுக்குள்ளும் புகுந்தது. 1994 ஜனவரியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி கலைந்தே போயிற்று. லஞ்சம் பழைய லஞ்சந்தான். முன்பு அதை மன்னிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அது இல்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தில் ராமபிரானின் உருவம் அவமதிக்கப்பட்டதாகப் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அந்தக் கழகம் ஆதரித்த தி.மு.க.வுக்குத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ராஜாஜியும் காமராஜரும் ஒரே அணியில் எதிரே நின்றார்கள். பக்தர்கள் பாடம் கற்பிப்பார்கள் என்று பலர் நினைத்தார்கள். மார்ச்சில் முடிவு வந்தபோது, 234 இடங்களில் தி.மு.க. வென்றவை 184. முந்தின தேர்தலைவிட இது வெகு அதிகம். தேர் ஓடிக்கொண்டிருந்தது, கூழ் ஊற்றும் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தம் சாமியை யாரும் தொடவில்லை என்று பக்தர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிராளி காட்டிய சுவரொட்டியைவிட அது பெரிய சாட்சி.

ஆனால் அடுத்த வருஷமே வேறொன்று நடந்தது. 1972 அக்டோபர் 8-ந் தேதி, வேதகிரீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் திருக்கழுக்குன்றத்தில், அந்தக் கட்சியின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். மேடை ஏறிக் கணக்குக் கேட்டார். பதவியில் இருப்பவர்கள் தம் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். கட்சி அவரை வெளியேற்றியது. அவர் தொடங்கிய கட்சி முதன்முதலில் ஆட்சியில் உட்கார்ந்த இடம் எது தெரியுமா? நம் புதுச்சேரிதான். 1974 மார்ச்சில் அமைந்த அந்த மந்திரிசபை சில வாரங்களே நிலைத்தது. 1977-ல் தமிழ்நாட்டில் ஆட்சி அவர் கைக்கு வந்தது. சாமியை அவமதித்தார்கள் என்று வெளியாள் கூவியபோது அசையாத ஜனங்கள், வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து கணக்குக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் அந்தப் பிள்ளையின் கட்சியிலும் கணக்குக் கேட்க வேண்டிய காலம் வந்தது என்பது வேறு கதை.

இதையெல்லாம் மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டு, ஆற்றங்கரைப் பெரியவரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அவங்க உங்கள் நைனாவின் ஓட்டைப் போட்டுக்கொண்டதற்குப் பதிலாக, அம்மன் கோயில் உண்டியலில் கை வைத்திருந்தால்?"

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எப்டிங்க உடுவம்? ஊரே கூடிக் கட்டி வெச்சிருக்கும். உண்டியல் அம்மனோட சொத்து. தொறக்கறப்பகூட ஊர்ல நாலு பேரு எதிர்லதான் தொறக்கணும். எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டோம்."

"ஓட்டு?"

அவர் யோசித்தார். "ஓட்டு அவங்க குடுத்ததுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டாரு போல எங்க நைனா" என்றார்.

எனக்கு விடை கிடைத்துவிட்டது. இந்த ஜனங்களுக்கு நேர்மையில் குறைவில்லை. உண்டியலைக் காப்பதில் அவர்களுக்கு இருக்கும் கண்டிப்பு எந்த ஆடிட்டருக்கும் இராது. உண்டியலில் இருப்பது தம் காசு, அதைத் தம் தெய்வத்துக்குப் போட்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓட்டு அப்படித் தம்முடையதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. பாரிஸிலிருந்து வந்தது, பெரிய வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். பதிலுக்கு மடை திறந்தார், திருவிழா நடத்தினார். தம்முடையது என்று நினைக்காத பொருளை ஒருவன் எடுத்தால் அது எப்படித் திருட்டாகும்? திருட்டு அம்பலமாவதற்குத் திருடனைக் காட்டினால் மட்டும் போதாது. பறிகொடுத்தவனுக்கு, பறிபோனது தன்னுடையது என்று தெரிய வேண்டும். அதை அவனுக்குச் சொல்கிறவன் அவன் சாமியைப் பழிக்காதவனாகவும் இருக்க வேண்டும்.

புறப்படும்போது, "இப்போது ஓட்டுப் போடுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க போடறேன்" என்றார் பெரியவர், கையைத் தம் மார்பில் வைத்து. "காலங்காத்தால மொத ஆளா போயிடுவேன். லேட்டானா வேற எவனாச்சும் போட்டுடுவானோன்னு இன்னும் ஒரு பயம்."